எண்டர்பிரைஸுக்கு எந்தச் சாம்பல்?

கேட்டவர் 1/1000 அளவில் எண்டர்பிரைஸ் மாடல் கிட் ஒன்று வாங்கியிருக்கிறார். 1966இல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரில் வந்த பழைய விண்கப்பல். பெட்டிக்குள் இருக்கும் தாள் ஒரே ஒரு வெளிர்சாம்பல் எண்ணைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது. தொடரைப் பார்த்தால் கப்பல் நீலமாகத் தெரிகிறதாம். அருங்காட்சியகப் புகைப்படத்தில் லேசாகப் பச்சையடிக்கிறதாம். "எது சரி? ஒரு பெயின்ட் நம்பர் சொன்னால் போதும்" என்கிறார். கூடவே இன்னொரு கேள்வி: "அடுத்து நானே வடிவமைத்த கப்பல் ஒன்று செய்யப் போகிறேன், அதற்கு என்ன நிறம்?"

நம்பர் தருகிறேன், ஆனால் கொஞ்சம் பொறுங்கள். நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு போய் அடித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து "ஏதோ சரியில்லை" என்று மறுபடியும் உப்புத்தாளை எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

ஒரே கப்பலுக்கு மூன்று நிறம் தெரிவதற்குக் காரணம், உண்மையில் அங்கே மூன்று கப்பல் இருக்கிறது. மரத்தில் செய்து ஸ்டுடியோவில் நிறுத்திய மாடல் ஒன்று. ஃபிலிமில் ஏறி டிவியில் வந்த பிம்பம் இரண்டாவது. கதைக்குள், சூரிய வெளிச்சத்தில் மிதப்பதாக நாம் கற்பனை செய்துகொள்ளும் 289 மீட்டர் நீளக் கப்பல் மூன்றாவது. இதில் எதைச் செய்யப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் பெயின்ட் மூடியைத் திறக்கக் கூடாது.

மரக் கப்பலின் கதையிலிருந்து ஆரம்பிப்போம். மேட் ஜெஃப்ரீஸ் வடிவமைத்ததை ரிச்சர்ட் டேட்டினும் கலிஃபோர்னியாவின் பர்பேங்கில் இருந்த ஒரு மாடல் பட்டறையும் சேர்ந்து செய்து, 1964 கடைசியில் கொடுத்தார்கள். நீளம் 11 அடி 2 அங்குலம். பாப்லர் மரம், அச்சில் இழுத்த பிளாஸ்டிக், வளைத்த தகடு, எல்லாம் கலந்தது. படம் பிடித்தது வலது பக்கத்தை மட்டும்தான். இடது பக்கத்தில் விளக்குகளுக்கான ஒயர் நுழைந்ததால் அங்கே ஜன்னலும் இல்லை, வேலைப்பாடும் இல்லை. கப்பல் எதிர்த்திசையில் போக வேண்டும் என்றால் எழுத்துகளை இடவலம் மாற்றி ஒட்டி, ஃபிலிமைத் திருப்பிப் போட்டார்கள்.

1974இல் அது வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. அதன்பின் சில முறை பழுதுபார்த்துப் பெயின்ட் அடித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் நடந்த பூச்சில் தட்டின் (கப்பலின் முன்னால் இருக்கும் வட்டப் பகுதி) கட்டக்கோடுகள் அழுத்தமாக விழுந்துவிட்டன, அழுக்கும் தூக்கலாகிவிட்டது. ரசிகர்கள் வருடக்கணக்கில் புலம்பினார்கள். 2014இல் கப்பலைக் கீழே இறக்கி, பூச்சு அடுக்குகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்து, பழைய நிறத்தைத் தேடி, 2016 ஜூலையில் மறுபடி காட்சிக்கு வைத்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது தட்டின் மேல்பாகம். எத்தனை முறை பெயின்ட் அடித்தபோதும் அந்த ஒரு பரப்பை மட்டும் யாரும் தொடவில்லை. 1960களின் பெயின்ட் அப்படியே அங்கே இருந்தது. அதை வைத்துத்தான் மற்ற பாகங்களைப் பொருத்தினார்கள். கிடைத்த நிறம் வெளிர்சாம்பல், அதில் பச்சை மிக மெல்லச் சாய்கிறது. நீங்கள் புகைப்படத்தில் பார்த்த பச்சை கேமராக் கோளாறு இல்லை.

சரி, திரையில் நீலம் எங்கிருந்து வந்தது? கப்பலுக்குப் பின்னால் நீலத் திரை. பிறகு அந்த நீலத்தை எடுத்துவிட்டு நட்சத்திரத்தைப் போடுவார்கள். ஆனால் சாம்பல் என்பது அண்டை வீட்டு நிறத்தையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொள்ளும் நிறம். திரையின் நீலம் கப்பலின் ஓரங்களில் வழிந்தது. போதாததற்கு, ஒரு காட்சியை உருவாக்க ஃபிலிமை நகலுக்கு நகல் எடுத்தார்கள். அந்த வேலையைச் செய்ததும் ஒரே நிறுவனம் இல்லை. அதனால் ஒரு காட்சியில் நீலச் சாம்பல், அடுத்ததில் கிட்டத்தட்ட வெள்ளை. ஆக, "டிவியில் பார்த்த நிறம்" என்று கேட்டால், எந்தக் காட்சியில் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இந்த நீலத் திரை விண்கப்பல்களின் நிறத்தை எவ்வளவு தூரம் தீர்மானித்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கப்பலில் நீலம் இருந்தால் அந்த இடம் பின்னணியோடு சேர்ந்து காணாமல் போகும். 1977இல் வந்த ஸ்டார் வார்ஸில் எக்ஸ்-விங் போர்க்கலங்களின் அணியை முதலில் நீல அணி என்றுதான் வைத்திருந்தார்கள். திரைக்காக அதைச் சிவப்பாக்கினார்கள். பளபளப்பும் இதே வம்பு. 1979இல் வந்த திரைப்படத்துக்காக எண்டர்பிரைஸ் புதிதாகச் செய்யப்பட்டபோது, பால் ஓல்சன் அதன்மேல் முத்துப் பூச்சுகளை அடுக்கி, கோணத்துக்கு ஒரு நிறம் காட்டும்படி பெயின்ட் செய்தார். நேரில் பார்த்தவர்கள் மயங்கினார்கள். அடுத்த படத்துக்கு வந்த ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ்காரர்களுக்கு அது தலைவலி, நீலம் எல்லாம் கப்பலில் பிரதிபலித்தது. மங்கலாக்கும் பூச்சை அடித்து அந்த மினுக்கைக் குறைத்தார்கள். அதனால் அந்தக் கப்பலைச் செய்பவருக்கும் இதே கேள்வி வரும்: ஓல்சன் முடித்த அன்று இருந்த கப்பலா, மங்கலாக்கிய பிறகு இருந்ததா?

நான் எதைச் செய்வேன் என்று கேட்டால், மர மாடலைத்தான். அது ஒன்றுதான் கையால் தொட்டு நிறம் பார்க்கப்பட்ட பொருள். மற்ற இரண்டும் வெளிச்சத்தின் வேலை. அந்த வேலையை உங்கள் அலமாரி விளக்கிடம் விட்டுவிடலாம்.

இப்போது கலவை. டாமியா நிறுவனத்தின் அக்ரிலிக் பெயின்ட்டில் நான் கலந்துகொள்வது: எக்ஸ்எஃப்-2 மேட் (பளபளப்பில்லாத) வெள்ளை எட்டுப் பங்கு, எக்ஸ்எஃப்-20 மீடியம் கிரே மூன்று பங்கு, எக்ஸ்எஃப்-21 ஸ்கை ஒரு பங்கு. ஸ்கை என்று பெயர் இருந்தாலும் அது வான நீலம் இல்லை, வாத்து முட்டையின் வெளிர்பச்சை. அந்த ஒரு பங்கில்தான் பச்சைச் சாய்வு முழுக்க இருக்கிறது. கூட ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும். இது அருங்காட்சியகம் வெளியிட்ட சூத்திரம் இல்லை, என் கண்ணுக்குப் பொருந்திய கலவை. மொத்தக் கப்பலுக்கும் வேண்டியதை ஒரே தடவையில் கலந்து, மூடியுள்ள பாட்டிலில் வையுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் முதல் நிறம் திரும்பி வராது.

கலந்தவுடனே அடித்துவிடாதீர்கள். ஐஸ்கிரீம் கடையில் தரும் பிளாஸ்டிக் ஸ்பூன் ஒரு டஜன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பூனின் முதுகு வளைவும் கப்பலின் தட்டு வளைவும் ஏறக்குறைய ஒரே ஜாதி, வெளிச்சம் இரண்டிலும் ஒரே மாதிரி வழுக்கும். பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, கலவையை அடித்து, பாதியில் மட்டும் மேட் கோட் அடித்து, பின்பக்கம் விகிதத்தை மார்க்கரால் எழுதி வையுங்கள். ஒரு நாள் காயட்டும். ஈரத்தில் தெரியும் நிறம் வேறு, காய்ந்த பிறகு வேறு. கிளாஸ் (பளபளப்புப் பூச்சு) அடித்தால் நிறம் ஆழமாகும், மேட் அடித்தால் வெளிறும். இதையெல்லாம் கப்பல் மேல் கண்டுபிடிப்பதைவிட ஸ்பூனில் கண்டுபிடிப்பது மலிவு.

அடுத்தது வெளிச்சம். புடவைக் கடையில் நம் அம்மாக்கள் என்ன செய்வார்கள்? உள்ளே எத்தனை விளக்கு எரிந்தாலும், புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை விரித்துப் பார்ப்பார்கள். ஸ்பூனையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நான் ஒருமுறை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, ட்யூப்லைட் அடியில், "அடடா, அச்சு அசல்" என்று திருப்தியாகக் கலந்து முழுக் கப்பலையும் முடித்தேன். காலையில் ஜன்னல் பக்கம் வைத்தால் பாசி பிடித்த தண்ணீர்த்தொட்டி மாதிரி இருந்தது. ஒரு விளக்கில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொரு விளக்கில் பிரிந்து நிற்கும். அதனால் மூன்று இடத்தில் பாருங்கள்: பகல் வெளிச்சம், வேலை மேசை, கடைசியில் கப்பல் நிரந்தரமாக இருக்கப்போகும் அலமாரி. மூன்றில் முரண்பாடு வந்தால் அலமாரி சொல்வதைக் கேளுங்கள். அங்கேதானே அது காலம் முழுக்க நிற்கப் போகிறது.

விமான மாடல் செய்பவர்கள் ஒரு விதி சொல்வார்கள். தூரத்தில் இருக்கும் பொருளைக் காற்று வெளுப்பாகக் காட்டும், எனவே சின்ன அளவு மாடலுக்கு நிறத்தில் வெள்ளை சேர்க்க வேண்டும் என்று. விண்வெளியில் காற்று ஏது? அந்த நியாயம் இங்கே செல்லாது. ஆனாலும் நானும் ஒரு படி வெளிரவே வைக்கிறேன், காரணம் வேறு. சூரியன் நேராக அடிக்கும் கப்பலோடு ஒப்பிட்டால் நம் வீட்டு விளக்கு அழுதுவடியும். அந்த வெளிச்சத்தில் நடுச்சாம்பல் அடித்த ஒரு சாண் பொம்மை இரும்புத்துண்டு போலத் தெரியும். 1/1000 கப்பலின் நீளம் 29 சென்டிமீட்டர்தான்.

இனி கட்டக்கோடு. இதில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் பிரச்சினை தானாகத் தெளியும். ஸ்டுடியோ மாடலின் தட்டில் இருந்தது பென்சில் கோடு. கதைக் கப்பல் 289 மீட்டர், மாடல் 3.4 மீட்டர், அதாவது சுமார் 1/85. பென்சில் கோடு அரை மில்லிமீட்டர் என்று வைத்தால் கதைக் கப்பலில் அது நான்கு சென்டிமீட்டர் இடைவெளி. நம்பலாம். உங்கள் கிட் 1/1000. அதில் அரை மில்லிமீட்டர் கோடு போட்டால் அரை மீட்டர் அகலம், ஆள் காலை விட்டால் விழுந்துவிடுவான். சரியான விகிதத்தில் போட 0.04 மில்லிமீட்டர் கோடு வேண்டும், அது கண்ணுக்குத் தெரிவதே கடினம். எனவே இந்த அளவில் கோடே வேண்டாம் என்பது என் கட்சி. சில கிட்களில் கோட்டைப் பள்ளமாகவே செதுக்கி அனுப்பிவிடுகிறார்கள். அதற்குள் கறுப்பு வாஷ் (நீர்த்த பெயின்ட்) ஓட்டும் ஆசையைத் தயவுசெய்து அடக்குங்கள். முடிந்தால் புட்டி வைத்து நிரப்புங்கள். முடியாவிட்டால் உடல் நிறத்தில் இம்மி அளவு சாம்பல் கூட்டி அதை ஓட்டுங்கள். கோணத்துக்கு வெளிச்சம் விழும்போது மட்டும் தெரிந்து மறைந்தால் போதும்.

உடலெல்லாம் ஒரே நிறம் என்றால் சப்பென்று இருக்குமே என்பீர்கள். மர மாடலும் முழுக்க ஒரே நிறம் இல்லை. சில வளையங்களும் பள்ளங்களும் ஒரு படி அடர்ந்த சாம்பல். முன்பக்கத்து டிஷ் தாமிர நிறம், எக்ஸ்எஃப்-6 போதும். எஞ்சின் முனைக் குமிழிகளை எந்த நிறத்தில் செய்வது என்பது நீங்கள் எந்தப் பருவத்துக் கப்பலைச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முன்னோட்ட அத்தியாயங்களில் (தொடருக்கு முன் சோதனையாக எடுத்தவை) அவை சிவப்பு அடித்த மரக்கட்டை, நுனியில் ஊசி போன்ற முனை. தொடர் ஓடத் தொடங்கியபின் வந்தவை உள்ளே விளக்கு சுழலும், ஒளி ஊடுருவும் ஆரஞ்சுக் குமிழிகள். உங்கள் கிட்டில் தெளிவான பிளாஸ்டிக் குமிழி இருந்தால் உள்பக்கம் கிளியர் ஆரஞ்சு, எக்ஸ்-26, மெல்ல இரண்டு கோட். வெளியே அடித்தால் தூசி உட்கார்ந்துவிடும், மினுக்கும் போய்விடும். முன்னோட்டக் கப்பலின் சிவப்பு முனையையும் தொடர் கப்பலின் எழுத்தையும் கலந்துவிடாதீர்கள். விவரம் தெரிந்தவர் வீட்டுக்கு வந்தால் காபி குடிப்பதற்கு முன்னால் அதைத்தான் சொல்வார்.

அடர்ந்த சாம்பல் எவ்வளவு அடர்த்தி என்பதற்கு ஒரு குறுக்குவழி. 1966இல் அந்தத் தொடரைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இருந்தது கறுப்புவெள்ளை டிவி. அதிலும் கப்பலின் உருவம் பிரிந்து தெரிய வேண்டியிருந்தது. உங்கள் ஸ்பூன்களை வரிசையாக வைத்து, போனில் கறுப்புவெள்ளையில் படம் எடுங்கள். இரண்டு சாம்பல்களும் ஒன்றாகக் கலந்துபோனால் வித்தியாசம் போதவில்லை. ஒன்று கறுப்பாகவே தெரிந்தால் அதிகம். இதில் தேறிவிட்டால் நிறச்சாய்வு பச்சையா நீலமா என்பதில் பார்ப்பவர் பாதிக்குமேல் மன்னித்துவிடுவார். வெளிச்ச அடர்த்தி தப்பினால் மட்டும் மன்னிக்க மாட்டார், ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியாது.

அழுக்கைப் பற்றி ஒரே வார்த்தை: குறையுங்கள். மர மாடலில் தட்டின்மேல் லேசான துருநிறக் கோடுகளும் மங்கல்களும் உண்டு. பல அடி தள்ளி நிற்கும் ஸ்டுடியோ கேமராவில் அது கரைந்துவிடும். உங்கள் நண்பர் மாடலைப் பார்ப்பது ஒரு முழ தூரத்தில்.

பெயின்ட் வகையில் பெரிய ரகசியம் ஏதும் இல்லை. கிடைப்பதை வாங்குங்கள். லாக்கர் வகை மெல்லிய, உறுதியான படலம் தரும், ஆனால் மாஸ்க்கும் காற்றோட்டமும் கட்டாயம். மழை பெய்து காற்று கனத்திருக்கும் நாளில் லாக்கர் அடித்தால் மேலே பால் படிந்தாற்போல் வெளுத்துவிடும், சென்னைக்காரர்கள் நவம்பரில் ஜாக்கிரதை. பெட்டித் தாளில் எஃப்எஸ் (ஃபெடரல் ஸ்டாண்டர்ட்) என்று ஐந்து இலக்க எண் இருந்தால் அது அமெரிக்க அரசு உருவாக்கிய நிறத் தரப்பட்டியல். முதல் இலக்கம் பளபளப்பு (1 கிளாஸ், 2 அரைகுறை, 3 மேட்), இரண்டாவது நிறக் குடும்பம் (6 என்றால் சாம்பல்), கடைசி மூன்றும் இருட்டிலிருந்து வெளிச்சம் நோக்கிப் போகும் வரிசை. ஆக 36118 அடர்ந்த மேட் சாம்பல், 36622 வெளிர்ந்த மேட் சாம்பல். இது தெரிந்தால் எந்த பிராண்டின் மாற்றுப் பட்டியலையும் பாதி கண்ணை மூடிக்கொண்டே படிக்கலாம்.

உங்கள் இரண்டாவது கேள்வி, சொந்தக் கப்பல். இங்கே ஸ்டுடியோ மாடல் இல்லை, நீலத் திரை இல்லை, சண்டைக்கு வர ரசிகரும் இல்லை. நிஜக் கலங்களைப் பாருங்கள். அவற்றில் அழகுக்காக அடித்த நிறம் அபூர்வம். சூடு தள்ள வேண்டிய இடம் வெள்ளை. விண்வெளி நிலையத்தின் ரேடியேட்டர் பலகைகள் அதனால்தான் வெள்ளை. தங்கத்தாள் சுற்றியதாகத் தெரியும் செயற்கைக்கோள்களில் பெரும்பாலும் தங்கம் இல்லை. உள்பக்கம் அலுமினியம் பூசிய, தேன்நிற பாலிமைட் படலம் அது. சந்திரயான் படங்களில் மின்னுவதும் இந்த ரகம்தான். ஆகவே தங்க பெயின்ட் அடிக்காதீர்கள். வெள்ளி அடித்து, அதன்மேல் கிளியர் ஆரஞ்சும் கிளியர் மஞ்சளும் கலந்து மெல்ல ஏற்றுங்கள். அல்லது சாக்லேட் சுற்றி வரும் மினுக்குத்தாளைக் கசக்கி ஒட்டுங்கள், பெயின்ட்டைவிட நன்றாக இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அமெரிக்க ஸ்பேஸ் ஷட்டில் விண்ணோடத்தின் பெரிய எரிபொருள் தொட்டி. 1981இல் பறந்த முதல் இரண்டு பயணங்களிலும் அது வெள்ளை. மூன்றாவதிலிருந்து வெள்ளை பெயின்ட்டையே விட்டுவிட்டார்கள், சுமார் 270 கிலோ எடை மிச்சம். நாம் பார்த்துப் பழகிய அந்த ஆரஞ்சுப் பழுப்பு, மேலே தெளித்த காப்பு நுரையின் சொந்த நிறம். புதிதாக இருக்கும்போது வெளிர்மஞ்சள், வெயில் படப்பட அடர்ந்து போகும். உங்கள் கப்பலில் ஒரு தொட்டியை இளமஞ்சளும் அதன் பக்கத்துத் தொட்டியை ஆரஞ்சுப் பழுப்புமாக அடித்துப் பாருங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்ற கதை பெயின்ட்டிலேயே வந்துவிடும்.

மற்றபடி உடலுக்கு ஒரு வெளிர்நிறம், இயந்திரப் பகுதிக்கு ஒரு அடர்நிறம், அடையாளத்துக்கு ஒரே ஒரு கூர்மையான நிறம். அந்த மூன்றாவது கப்பலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். சுத்த வெள்ளையும் சுத்தக் கறுப்பும் டப்பாவிலேயே இருக்கட்டும். கறுப்பு வேண்டிய இடத்தில் எக்ஸ்எஃப்-69 நேட்டோ பிளாக், வெள்ளைக்குப் பதில் வெள்ளையோடு ஒரு துளி சாம்பல். அப்போதுதான் விளக்கு வெளிச்சம் விழும் இடம் உடலைவிட வெளுப்பாகவும், நிழல் விழும் இடம் எஞ்சினைவிடக் கறுப்பாகவும் தெரிய இடம் இருக்கும்.

எண்டர்பிரைஸை முதலில் முடியுங்கள். உடல் நிறம் காய்ந்ததும் டீகாலுக்கு (எழுத்துகள் அச்சிட்ட ஒட்டுப்படலம்) முன் கிளாஸ், ஒட்டிய பிறகு மேட். குமிழிகளையும் டிஷ்ஷையும் மட்டும் தனியாக எடுத்து வைத்து, மேட் கோட் எல்லாம் முடிந்த மறுநாள் பொருத்துங்கள். மேட் புகை ஒருமுறை பட்டுவிட்டால் ஆரஞ்சுக் குமிழி கண்புரை விழுந்த மாதிரி ஆகிவிடும், அதைத் துடைத்து எடுக்க வழியே கிடையாது.